எண்ணெய்ப் பாறையில் படுத்திருந்த நரம்பு டாக்டர்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பது என் தொழில். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாலு பேர் பார்த்தாலே எனக்கு வார்த்தை வராது. அப்படிப்பட்ட என்னைப் போன சாரல் சமயத்தில் பொதுமக்களின் பிரதிநிதி ஆக்கினார்கள்.

தென்காசிப் பக்கத்து மக்களுக்குச் சிறப்பு மருத்துவர்கள் கிடைக்க எல்லோரும் கூடி வழி காணும் கூட்டம் அது. தென்காசியில் மண்டபங்கள் சும்மா கிடக்க, அருவிக்குப் பக்கத்து லாட்ஜில் வைத்தார்கள். மக்கள் நலனுக்கு அதுதான் தோதாம். அதிகாரிகள், ஆஸ்பத்திரிக்காரர்கள், வியாபாரிகள் எல்லோரும் வந்தார்கள். நோயாளி வீட்டார் யாருமே இல்லை என்பது கடைசியில்தான் உறைத்திருக்கிறது. லாட்ஜ் மேனேஜர் என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, சட்டையப் போட்டுட்டு உள்ள வந்து உக்காருங்க. உங்க வீட்லயும் சீக்குதான?"

சீக்குதான். என் மனைவி சிப்ஸ் கடைக்கு நேந்திரங்காய் சீவுகிறவள். கை நடுக்கம் வந்து, காயோடு விரலையும் சீவிக்கொண்டாள். கடைக்காரர் நிறுத்திவிட்டார். உள்ளூர் ஆஸ்பத்திரியில், திருநெல்வேலி நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு தடவை போனோம். இரண்டு தடவையும் டாக்டர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்.

அவரே இந்தக் கூட்டத்துக்கும் வந்திருந்தார். மைக் என் கைக்கு வந்தது. "வணக்கம்" என்றேன். அதற்குமேல் வரவில்லை. நன்றாகக் கைதட்டினார்கள். அன்றைக்குச் சுருக்கமாகப் பேசியவன் நான் ஒருவன்தான்.

சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் குளிக்கக் கிளம்பினார்கள். டாக்டர் நான் எண்ணெய் தேய்க்கும் பாறையில் குப்புறப் படுத்தார். அவர் முதுகே என் கையில் இருந்தும் நான் வாய் திறக்கவில்லை. அப்போது, டாக்டர் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு என் மனைவி வந்து நின்றாள்.

"இங்கன கிடக்காவளே, இவியதானா? சொல்லிட்டீயளா?"

"முதுகு முடியட்டும்."

"முடிஞ்சா எந்திச்சுப் போயிருவாவ."

டாக்டரின் முகத்துக்கு நேரே குனிந்து கையை நீட்டினாள். "ஐயா, ஒங்களப் பாக்க ரெண்டு தடவ வந்தேன். கூட்டத்துக்குப் போயிருக்கீயன்னாவ. அதான் இன்னைக்குக் கூட்டத்துக்கே வந்துட்டேன்."

டாக்டர் துண்டோடு எழுந்து உட்கார்ந்தார். எண்ணெய் சொட்டச் சொட்ட அவள் கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், படபடப்பு உண்டா என்று கேட்டார்.

"நரம்பு மாதிரி தெரியலம்மா. தைராய்டா இருக்கும். ரத்தம் தென்காசியிலயே பாக்கலாமே, யாரும் சொல்லலையா?"

"ஒங்களப் பாக்கத்தான் சொன்னாவ."

தைராய்டுதான். மாத்திரையில் கை நடுக்கம் நின்றது. இப்போது மறுபடி காய் சீவுகிறாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு முடிவும் எடுத்தார்கள்: அடுத்த சாரலுக்கு அதே லாட்ஜில் மீண்டும் கூடுவது. பிரதிநிதியாக நானே வர வேண்டுமாம்.

"போங்க. நீங்க முதுகப் பாத்துக்கிடுங்க, நான் பேசிக்கிடுதேன்" என்றாள் மனைவி.

பக்கத்து மேலகரத்தில் ஒரு மூட்டுவலிக்காரரும் காது கேளாத ஒருவரும் அடுத்த கூட்டத்துக்கு இப்போதே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.