குளவி கலைந்த காலை

பயிற்சி டீச்சர் அன்று கையில் சுற்றி வைத்திருந்த மஞ்சள் அளவு நாடா இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகளை மைதானத்தில் இறக்கி, அளந்து பார்த்தே நீளம் படிப்பிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். அதைப் பார்த்து மதிப்பிட்டுப் புள்ளி போட கல்வியியல் கல்லூரி விரிவுரையாளர் வந்து கடைசி வாங்கில் என்னருகே உட்கார்ந்திருந்தார். நான் அந்த நான்காம் தரத்தின் வகுப்பாசிரியை. அக்கரப்பத்தனைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வரும் பயிற்சி ஆசிரியர்கள் சுவரில் படம் ஒட்டுவதில் கெட்டிக்காரர்கள். ஒரு பிள்ளை அழுதால் என்னைத் தேடுவார்கள். இவரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

மைதானத்துக்கு இறங்க பிள்ளைகள் வகுப்புக்குள் வரிசையில் நின்றபோது பக்கத்து மலையில் கூச்சல் கேட்டது. கொழுந்தெடுத்த பெண்கள் விழுந்தடித்து ஓடினார்கள்.

"குளவிக்கூடு கலைஞ்சிருச்சு, கதவச் சாத்துங்க" என்று கங்காணி கத்தினார்.

கதவையும் ஜன்னல்களையும் சாத்தினோம். சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியை மூட வழியில்லை. இரைச்சல் அங்கே வந்துவிட்டது.

"அம்மா அந்த மலையிலதான் எடுக்குறாங்க" என்று ஒரு சிறுமி கதவுக்குப் பாய்ந்தாள். தாழ்ப்பாள் ஒரு தள்ளுக்குத் தாங்காது. நான் இன்னும் ஜன்னலருகேதான் நின்றேன்.

பயிற்சி டீச்சர் கதவில் சாய்ந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"குளவி வந்தா அம்மா என்ன செய்வாங்க?"

சிறுமி விம்மினாள். "படங்கத் தலையில போத்திக்கிட்டு குப்புறப் படுத்துருவாங்க. அசைய மாட்டாங்க."

கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த விரிப்புதான் படங்கு.

"அப்ப நாமளும் படுப்போம். எப்பிடின்னு நீ காட்டு."

அவள் புத்தகப் பையைத் தலையில் கவிழ்த்துப் படுத்தாள். வகுப்பே படுத்தது. பயிற்சி டீச்சர் சேலையோடு கதவுக்குக் குறுக்கே கிடந்தார். விரிவுரையாளரும் மறுபேச்சின்றிப் படுத்தார்.

"அம்மாவும் இப்ப இப்பிடித்தான் இருப்பாங்களா டீச்சர்?"

"தெரியலம்மா. நீ அசையாம இரு."

அந்த நேரத்திலும் பொய் சொல்லாத அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

இரைச்சல் ஓய்ந்ததும் அவர் புள்ளிக்காகக் காத்திருக்கவில்லை. சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கொட்டு வாங்கியவர்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாயின் முகம் வீங்கி, இரு கண்களும் மூடிக் கிடந்தன. சிறுமி பயந்து டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெல்ல, "அம்மா" என்றாள்.

குரல் வந்த பக்கம் தாய் கையை நீட்டினாள். பிள்ளையின் கன்னம், காது, கழுத்து எல்லாம் தடவிப் பார்த்தாள்.

"ஒனக்கு எங்கயாச்சும் கொட்டுச்சா?"

"இல்லம்மா. ஒன்ன மாதிரியே அசையாம படுத்திருந்தேன்."