கரையில் தூக்கிய தீ

விடிந்தால் என் தாலி இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் அன்று கோட்டைக்குப்பம் ஏரிக்கரையில் நின்றேன். கங்கையம்மனைக் கும்பிடும் அக்கா தங்கைகளே, நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரரும் கொழுந்தன் முருகனும் ஒரே படகில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு வலை போடப் போனார்கள். இரவு காற்றும் மழையும் பேயாட்டம் ஆடின. ஏரிக்குள் போன யாருடைய போனும் கிடைக்கவில்லை. மற்ற படகுகள் பசியாவரம் தீவில் ஒதுங்கியிருக்கும். முகத்துவாரத்தில் ஒதுங்க ஏது இடம்?

எங்கள் ஊரில் ஆளைக் காணோம் என்றால் கரையில் தீப்பந்தம் தூக்குவோம். அதைக் கண்டால் ஏரியில் இருக்கும் அத்தனை படகும் வலையைப் போட்டது போட்டபடி விட்டுத் திரும்பும். ஆனால் ஊர்த் தலைவரான நாட்டார் சொல்லாமல் தூக்கக் கூடாது. அவர் காலில் விழுந்தேன். "சும்மா தூக்கினா ஊருக்கே ஆவாதும்மா. விடியட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

முருகனின் மனைவி செல்வி, என் ஓரகத்தி, மணலில் உட்கார்ந்திருந்தாள். நான் கோயில் பக்கம் திரும்பி, "தாயே, இந்த ஊரு தீயைத் தூக்காது. நீயே தூக்கு!" என்று கத்தினேன். அது வேண்டுதல் இல்லை, சண்டை.

கிழக்கு லேசாக வெளுக்கும்போது ஒரு வேன் வந்து நின்றது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே போட்டியில் முடிக்கிற டிரையத்லான்காரர்களாம். பல மாநிலத்துப் பிள்ளைகள். தேசியப் போட்டிக்கான சுடரை ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். போட்டோ எடுப்பதற்காக ஒரு பெண் தண்ணீர் ஓரம் போய்ச் சுடரைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

நாட்டார் அலறிக்கொண்டு ஓடிவந்தார். "இன்னா பண்றீங்கோ! எறக்கு, எறக்கு!"

அவள் பயந்து கையைத் தாழ்த்தினாள். நான் பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்தேன். "எறக்காத கண்ணு! நல்லா தூக்கிப் புடி!"

"இன்னாக்கா ஆச்சு?" என்றாள். மெட்ராஸ் பெண்தான். அழுதுகொண்டே சொன்னேன். அதன்பிறகு நாட்டார் எவ்வளவு கத்தியும் அந்தத் தீ இறங்கவே இல்லை. ஒருவருக்குக் கை வலித்தால் அடுத்தவர் வாங்கிக்கொண்டார்.

படகுகள் வந்துவிட்டன. யாரைக் காணோம் என்று தெரிந்ததும் அப்படியே முகத்துவாரத்துக்கு விட்டார்கள். கவிழ்ந்த படகைப் பிடித்தபடி என் வீட்டுக்காரர் கிடந்தார். கை மரத்துப் பிடி நழுவுகிற நேரம். முருகன் இல்லை. அந்தப் பிள்ளைகளும் படகேறிப் போய்த் தேடினார்கள். மறுநாள் உடம்பாகத்தான் கரை ஒதுங்கினான்.

நான் கேட்டதை அம்மன் கொடுத்தாள். எனக்கு மட்டும் கொடுத்தாள். இதை எந்த வாயால் செல்வி முன்னால் சொல்வேன்? மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை.

ஆடியில் கூழ் ஊற்றிய அன்று செல்வியே என் கையைப் பிடித்தாள். "சொல்லுக்கா. நாலு பேருக்குத் தெரியட்டும். அன்னிக்கு நானும் அவளைத்தான் வேண்டினேன். இன்னமும் அவளைத்தான் கும்புடறேன்" என்றாள். பிறகு மெதுவாக, "ராத்திரியே தூக்கியிருந்தா ரெண்டு பேரும் வந்திருப்பாங்க, இல்லக்கா?" என்று கேட்டாள்.

இப்போது பந்தம் கோயில் வாசலிலேயே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நாட்டாரே வைத்தார்.

அம்மனை நம்புங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் கும்பிட்ட கையோடு தீயையும் தூக்கிவிடுங்கள். யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.