மைதீன்களைப் பிரிக்கும் பாத்திமா

“எந்த மைதீன்?” என்று கேட்காமல் மைதீன் பாத்திமாவின் விரல் கீபோர்டில் படுவதில்லை. மேலப்பாளையத்தில் மைதீன் என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். ‘ஒத்தைப்பனை’யா, ‘வெடிச்சிரிப்பு’ வீடா, பட்டப்பெயரைச் சொன்ன பிறகுதான் தேடுவார்.

அந்தக் கம்ப்யூட்டரைக் கணவர் ஷேக் மைதீன் தான் வேலை பார்க்கும் சவூதியின் தமாமிலிருந்து போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார், பிள்ளைகள் விளையாட. பாத்திமா அதில் வளைகுடாவையே குடிவைத்துவிட்டார். எந்தக் கம்பெனி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும், எந்த ஏஜெண்ட் டிரைவர் வேலை என்று சொல்லி ஆடு மேய்க்க அனுப்புவான், எந்தத் தொழிலாளர் முகாமில் நம்மூர்க்காரர் யார் இருக்கிறார் என்று ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்தார். கம்பெனியைத் தட்டினால் முகாம் வரும். முகாமைத் தட்டினால் ஆள் வருவார். எல்லாம் லீவில் வந்தவர்களை வீடு தேடிப் போய்க் கேட்டு எழுதியது. “நான் தமாமப் பாத்ததில்ல. ஆனா தமாமுக்கு என்னையத் தெரியும்” என்று சொல்லும்போது முக்காட்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக்கொள்வார்.

கறுப்புத் திரையும் பச்சை எழுத்துமாக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கொழுந்தன் யஹ்யாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“இன்னும் இதக் கட்டிக்கிட்டு அழுவுதியளே மைனி! விண்டோஸ்ல புதுசு வந்திருக்கு, பாருங்க.”

புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றினான். முதலில் தமிழெல்லாம் கட்டங்கட்டமாக வந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டி அதைச் சரிசெய்தான். புதியதில் பட்டப்பெயருக்கு இடமே இல்லை, அதை விட்டுவிட்டான். “ஒரே பேரு திரும்பத் திரும்ப வந்துச்சு மைனி. எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துட்டேன்” என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

பாத்திமா திறந்து பார்த்தார். ஊரிலுள்ள ஷேக் மைதீன்கள் அத்தனை பேரும், குவைத்தில் இறந்துபோனவர் உட்பட, ஒரே ஆளாகியிருந்தார்கள்.

“ஏலே யஹ்யா, ஒங்கண்ணன் குவைத்துல மவுத்தாப் போயி, மஸ்கட்ல பிரியாணி கிண்டுதாராம்லே. வாசிச்சுப் பாரு!”

“பழசுக்கே போயிருவோமா மைனி?”

“எதுக்கு? புதுசு வெரசாத் தேடுது. அது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆள்களப் பிரிக்கது என் வேலை, நீ பைய நடையக் கட்டு.”

பழைய பெட்டியைப் புதியதன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பச்சைத் திரையைப் பார்த்துப் பார்த்து மைதீன்களை ஒவ்வொருவராகப் பிரிக்கத் தொடங்கினார். அந்த வேலை பாதியில் நிற்கும்போதுதான் அடுத்த வீட்டு அஸீலா ஓடிவந்தாள். மகன் அசன் மைதீன் வெள்ளிக்கிழமை தமாமுக்கு விமானம் ஏறுகிறான். அங்கே விமான நிலையத்துக்கு, அவன் சேரப்போகும் கம்பெனியிலேயே இருக்கும் ஷேக் மைதீன் வருவார், அவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் போதும் என்று ஏஜெண்ட் சொல்லியிருக்கிறான்.

“நம்மூர்க்காரராம்க்கா. நம்பிக் குடுக்கலாமா?”

கணவர் இருப்பது வேறு கம்பெனி; அந்தக் கம்பெனியில் நம்மூர் ஷேக் மைதீன்கள் இருவர் என்று பாத்திமாவுக்குத் தெரியும். ஒருவர் புதுப் பிள்ளைகளைத் தம்பி மாதிரி பார்த்துக்கொள்கிறவர். மற்றவர் பாஸ்போர்ட்டை வாங்கி, ஆளைப் பாலைவனத்துத் தோட்டத்துக்குத் தள்ளிவிடுகிறவர். புதிய திரையில் இருவரும் இன்னும் ஒருவராகவே இருந்தார்கள்.

“ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கக்கா.”

“ஏதாச்சும் சொல்லதுக்கு நான் என்ன கிளி ஜோசியமா பாக்கேன்? அந்த ஆளு இருக்க முகாம் எங்கன இருக்காம்? அதச் சொல்லு.”

“ஜுபைல் ரோட்டுலன்னான்.”

பச்சைத் திரையில் முகாமைத் தட்டினார். அப்போது போன் அடித்தது. தமாமிலிருந்து கணவர்.

“என்னையப் பிரிச்சாச்சா, இல்ல இன்னும் மவுத்தாத்தான் கெடக்கேனா?”

“வரிசையில நில்லுங்க. ஒரு புள்ளைக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்.”

ரிசீவரை மேசைமேல் கிடத்திவிட்டுத் திரைக்குத் திரும்பினார். ஜுபைல் ரோட்டு முகாமில் இருந்தது ‘சோடாக்கடை’ வீட்டு ஷேக் மைதீன்.

“தங்கமான மனுசன். புள்ளைய தைரியமா அனுப்பு.”

அஸீலா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாத்திமா அவள் பக்கம் திரும்பவில்லை. புதிய திரையில் அந்த ஷேக் மைதீனைத் தனியாகப் பிரித்தெடுத்து, பெயருக்கு முன்னால் ‘சோடாக்கடை’ என்று அடித்தார். மேசைமேல் தமாம் “ஹலோ, ஹலோ” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பாத்திமாவின் விரல் அடுத்த மைதீனுக்குப் போனது.