தனியாக வைத்த நாடா

என் வேலைக்குப் பெயர் ஆலோசகர். ஆஸ்பத்திரியில் எல்லோரும் கவுன்சிலர் என்பார்கள். சேர்ந்த முதல் நாளே ஒரு பெரியவர் என் எதிரே வந்து உட்கார்ந்து, "எங்க தெருவுல தண்ணி வந்து ஒரு வாரம் ஆவுதும்மா, நீதான் பார்த்து செய்யணும்" என்றார். நான் அந்தக் கவுன்சிலர் இல்லை, இது எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கிற இடம் என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடியே போனார். காஞ்சிபுரத்தில் ஓய்வு பெறும்வரை எனக்கு இருந்த மரியாதை இவ்வளவுதான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக ஒரு சம்பவத்தை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

குமார் பட்டுத்தறி நெய்கிறவன். ஒரு நாள் காலையில் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"என் ஃப்ரெண்டுக்கு ஒரு டவுட்டு மேடம்."

இந்த ஊரில் சந்தேகமெல்லாம் ஃப்ரெண்டுகளுக்குத்தான் வரும். முழுவதும் கேட்டுக்கொண்டேன். அந்த ஃப்ரெண்டு, கூடப் படித்தவன் கல்யாணத்துக்கு பெங்களூர் போயிருந்தான். அங்கே பழக்கமான ஒரு பெண்ணுடன் ஓர் இரவு இருந்துவிட்டான். ஆணுறை போடவில்லை. ஊர் திரும்பியதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. போனில் தேடித் தேடிப் படித்ததில், உடம்பில் எது அரித்தாலும் அதுதான் என்று ஆகிவிட்டது.

"சரிப்பா, அந்த ஃப்ரெண்ட கைய நீட்டச் சொல்லு, ரத்தம் எடுக்கணும்" என்றேன்.

சட்டைக் கையை மடித்து நீட்டினான். "எங்க வீட்ல முழுவாம இருக்குது மேடம். கல்யாணமாயி நாலு வருசம் கழிச்சி தங்கின கரு" என்றான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். எனக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

எச்.ஐ.வி., சிபிலிஸ் என்கிற மேகநோய் இரண்டுக்கும் பார்த்தோம். இரண்டும் நெகட்டிவ். பால்வினை நோய்ப் பிரிவு டாக்டரும் பார்த்து, எங்கும் புண் எதுவும் இல்லை என்றார். ஆனால் எங்கள் தொழிலில் விண்டோ பீரியட் என்று ஒன்று உண்டு. கிருமி உடம்புக்குள் போயிருந்தாலும் டெஸ்டில் தெரிய நாளாகும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். அதுவரை மனைவியுடன் சேர்ந்தால் ஆணுறை கட்டாயம் என்று சொல்லி அனுப்பினேன். சொல்ல வேண்டிய எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

கர்ப்பிணிகளுக்கும் எங்களிடம்தான் எச்.ஐ.வி. டெஸ்ட். அடுத்த மாதம் ஒரு பெண் வந்தாள். வழக்கம்போல ஊரையும் கணவர் பெயரையும் கேட்டேன். தேவி என்ற அந்தப் பெண் குமாரின் மனைவி என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று எல்லோரிடமும் கேட்பதையே அவளிடமும் கேட்டேன். உடைந்துவிட்டாள்.

"நான் என்ன தீட்டா மேடம்? ரெண்டு பேரும் ஒரே தறியில ஒக்காந்து கோர்வை சேலை நெய்வோம். இப்போ என்னை தறிகிட்டயே சேக்கறதில்ல. நாடாவ தனியா துணி சுத்தி வச்சிக்கினு இருக்காரு. நான் தொட்டா கத்தறாரு. புள்ள தங்கின நேரத்துல என்னைப் பிடிக்காம போச்சா?"

கோர்வை என்றால் சேலையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில், இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைக் கைமாற்றிக் கோத்து நெய்வது. நாடா என்பது ஊடை நூலைத் தறியில் குறுக்கே கொண்டுபோகிற கருவி. அதன் பக்கத்தில் சின்னக் கண் இருக்கும். நூல் சுற்றிய புதுத் தார்க்குச்சியை உள்ளே போடும்போதெல்லாம் நூல் நுனியைக் கண்ணருகே வைத்து, அதில் வாய் வைத்து உறிஞ்சித்தான் சிலர் வெளியே எடுப்பார்கள். தறிச் சத்தம் கேட்டே வளர்ந்தவள் நான். விஷயம் சட்டென்று பிடிபட்டது. கட்டிலைப் பற்றி அவனிடம் அத்தனை சொன்னேன், தறியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவளிடம் என்ன சொல்வது? அவன் இங்கே வந்ததையே சொல்லக் கூடாது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவளுடைய ரிசல்ட்டும் நெகட்டிவ்.

குமார் ஒவ்வொரு வாரமும் பயத்தைச் சொல்ல வருவான். அடுத்த முறை வந்தபோது தேவியின் பேச்சையே எடுக்காமல் கேட்டேன். "நாடாவுல வாய் வச்சி உறிஞ்சுவியாப்பா?"

திடுக்கிட்டான். "அதுக்குத்தான் மேடம் தனியா வச்சிக்கினேன். என் எச்சி அவ வாய்க்குப் போய், அங்கேர்ந்து புள்ளைக்குப் போயிட்டா?"

"எச்சில் மூலமா எச்.ஐ.வி. வராதுப்பா. ஒரே நாடாவுல வாய் வச்சாலும் வராது, ஒரே டம்ளர்ல குடிச்சாலும் வராது. நீ பாட்டுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனா அவ என்ன நினைச்சிக்கினு இருப்பான்னு யோசிச்சியா?"

தலையில் அடித்துக்கொண்டான். "அவள காப்பாத்தறதா நெனச்சிக்கினு இருந்தேன் மேடம். சொல்லிடட்டுமா அவகிட்ட?"

அது அவன் எடுக்க வேண்டிய முடிவு என்றேன். சொன்னால் அவள் கோபத்தையும் அவன்தான் தாங்க வேண்டும், என்னைக் கூப்பிடக் கூடாது என்றும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்டும் நெகட்டிவ். அன்று அவன் என்னைக் கும்பிட்ட கும்பிடு காமாட்சிக்குப் போட வேண்டியது.

அதற்குப் பிறகு யார் வந்தாலும், என்ன தொழில், அதைக் கையால் எப்படிச் செய்வீர்கள் என்று முதலில் கேட்க ஆரம்பித்தேன். பயம் எங்கே போய் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நம் டிரெயினிங்கில் சொல்லித் தருவதில்லை. நீங்களும் கேளுங்கள்.

வயிறு நன்றாக மேடிட்டிருந்தபோது தேவி ஒரு நாள் செக்கப்புக்கு வந்தவள், என் அறைக்குள் வந்து நின்றாள்.

"அவரு எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அன்னிக்கு நான் அழுதப்போ உங்களுக்குத் தெரியும்தானே?"

"இங்க வந்தவங்களப் பத்தி யார் கேட்டாலும் வாயத் திறக்க மாட்டேம்மா. நீ சொன்னதையும் யார்கிட்டயும் சொல்லல" என்றேன்.

முறைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்படிம்மா இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"பேசறதில்ல. கோவம் போவல மேடம், சீக்கிரம் போவாது. ஆனா தறியில ஒக்கார்றோம். கோர்வைய ஒரு ஆளா போட முடியுமா?" வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். "நாடா மாறும்போது கை படுது. நான் இழுத்துக்கறதில்ல."