உப்புப் பார்க்காத சமையற்கட்டு

திருத்தணியில் இத்தனை வருடம் ஓட்டல் நடத்தியவன், அதோடு சும்மா இருந்திருக்கலாம். மலைக்கு வருகிறவர்கள் தங்கிச் சாப்பிடக் கட்டிய பழைய சத்திரம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்துச் சமையல் பள்ளி ஆரம்பித்தேன். கேஸ் அடுப்பு, டைல்ஸ், குழாய் எல்லாம் போட்டேன். சமையற்கட்டுச் சுவரில் கல்லில் செதுக்கியிருந்த வேலாயுதத்தை மட்டும் அழகுக்காக விட்டுவைத்தேன். சனி அங்கேதான் பிடித்தது.

படிக்க வந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட உப்புப் பார்க்கச் சம்மதிக்கவில்லை.

"சாமி பாத்துகினு கீறாரு. படைக்காம எச்சி பண்ணலாமாங்க?"

முதலில் படைத்துவிட்டு அப்புறம் பாருங்கள் என்றேன். அதுவும் ஆகாதாம். படைத்த பிறகு உப்புச் சேர்த்தால், சாமிக்கு உப்பில்லாமல் போட்டது என்றாகிவிடுமாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

எட்டுப் பேரில் கெட்டிக்காரர், மணவூரிலிருந்து ரயிலில் வந்த ஓர் அம்மாள். நடவு நட்டு முட்டி தேய்ந்துபோய், இனிச் சேற்றில் குனிய முடியாது என்றுதான் வந்தார். கல்லுப்பைக் கையால் அள்ளிப் போடுவார், ஒரு நாளும் தப்பாது. அதனாலேயே அவர்மேல் எனக்குக் கூடுதல் ஆத்திரம். இவ்வளவு கைவாகு இருக்கிறவருக்கு நாக்கை நீட்ட என்ன வந்தது?

அரக்கோணத்தில் பெரிய ஓட்டல் வைத்திருக்கும் நண்பர், சாப்பிட்டுப் பார்த்து ஒருவரை வேலைக்கு எடுப்பதாகச் சொன்னார். அவர் வந்த அன்று கிருத்திகை. வருகிறவர் கண்ணுக்கு லட்சணமாக இருக்கட்டுமே என்று, காலையில் கல்லுப்பு ஜாடியைக் காலி செய்து தூள் உப்பைக் கொட்டி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாம்பார் கொதிக்கும்போது அந்த அம்மாள் கரண்டியோடு என்னிடம் வந்தார்.

"உப்பு மாறிகீதுங்கண்ணா. குத்துமதிப்பாத்தான் போட்டேன். ஒரு சொட்டு பாத்துச் சொல்லுங்க."

"நீயே நாக்குல வச்சிப் பாரும்மா. உன் வேலையே இதுமேலதான் கீது."

"ஆங், தெரியுதுங்க. என்னால ஆவாதுண்ணா."

"எனக்கு இன்னிக்கு விரதம்மா" என்று கரண்டியைத் தள்ளிவிட்டேன்.

நண்பர் முதல் வாயிலேயே தண்ணீர் கேட்டார். முகத்தைச் சுளித்தபடி இலையை மூடினார். "இந்தக் கை எனக்கு வேணாம்பா" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

என் கோபமெல்லாம் அந்த அம்மாள்மேல் பாய்ந்தது. "ஒரே ஒரு சொட்டு! நாக்குல வச்சிப் பாக்க என்ன கேடு?" என்று சத்திரமே அதிரக் கத்தினேன்.

அவர் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னார்: "அதத்தாண்ணா நானும் உங்களக் கேட்டேன்."

மறுநாள் அவர் வரவில்லை. நடவுக்குப் போய்விட்டதாக, அவரோடு ரயிலில் வரும் பெண் சொன்னாள்.