வலது பின் சக்கரம்

கடையில் உட்கார்ந்து நான் சொன்ன பொய்களை அடுக்கினால் கூரையைத் தொடும். அப்பா, சித்தப்பா எல்லோரும் வாங்கி விற்கிறவர்கள். பேரச் சத்தம் கேட்டுத்தான் நான் தொட்டிலில் தூங்கினேன். ஆனால் இது சரக்கு இல்லை. நடந்தது. என் வலது கைக்கு நடந்தது.

ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே புரோக்கர் விலையை இறக்கினார். தானாக இறங்கும் விலைக்குக் காரணம் கேட்பது எங்கள் குடும்பத்தில் கிடையாது. கேட்டால் ஏறிவிடும் என்று பயம். நானும் கேட்கவில்லை.

வண்டி என் தங்கைக்கு. அவளுக்கு ஏழு மாதம். மாப்பிள்ளை அவளை ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவர் வண்டியை எடுக்க வருவதாகப் பேச்சு. அவரும் வியாபாரிதான். பானட்டைத் திறந்தே பார்க்க மாட்டார். நேராகச் சக்கரத்தருகே சேறு தடுக்கத் தொங்கும் மட் ஃபிளாப்புக்குப் பின்னால் விரலை விட்டு, அங்கே அப்பியிருக்கும் மண்ணைக் கிள்ளி, வண்டி எங்கெங்கே போயிருக்கிறது என்று புட்டுப் புட்டு வைப்பார்.

அதனால்தான் சனிக்கிழமை மாலை 5.40க்கு, போர்ட்டிகோவில் ஸ்க்ரூடிரைவரோடு குந்தினேன்.

மூன்று சக்கரங்களில் வம்பில்லை. ஃபிளாப்பைக் கழற்றினால் காய்ந்த மண், நாலைந்து சருகு. கழுவித் துடைத்து மாட்டினேன்.

நான்காவது, வலது பின் சக்கரம்.

அதில் மட்டும் ஸ்க்ரூக்கள் விரலாலேயே கழன்றன. உள்ளே சேறு. ஈரச் சேறு. வண்டி என்னிடம் வந்து ஏழு நாள். அதில் ஒரு சொட்டு மழை இல்லை.

குழாயைப் பிடித்து அடித்தேன். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். தகரம் பளிச்சென்று தெரிந்தது. துணி எடுக்க உள்ளே போய்த் திரும்பினேன். மணி 6.12.

மறுபடியும் சேறு. அதே கனம்.

தண்ணீர் மேலிருந்து இழுத்து வந்திருக்கும் என்று எனக்கு நானே ஒரு பொய்யை விற்றேன். வாங்கியும் கொண்டேன். இரண்டாம் முறை கழுவக் குனிந்தபோதுதான் பார்த்தேன்... சேற்றில் நான்கு கோடுகள். உள்ளிருந்து வெளியே இழுத்த கோடுகள்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல். "என்னங்க, வண்டியக் கழுவுறீங்களா, குளிப்பாட்டித் தூங்க வைக்கிறீங்களா?"

"அஞ்சு நிமிஷம்!"

6.26. ஃபிளாப்பை மாட்டினேன். முதல் ஸ்க்ரூ. இரண்டாவது. மூன்றாவது நழுவி உள்ளே விழுந்தது. 'டிக்'.

ஃபிளாப்புக்கும் தகரத்துக்கும் நடுவில் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. துழாவினேன்...

உள்ளங்கையில் ஸ்க்ரூ.

நான் எடுக்கவில்லை. யாரோ வைத்தார்கள்.

பிறகு என் விரல்களை மூடினார்கள். சுண்டு விரல்... மோதிர விரல்... ஒவ்வொன்றாக. பொறுமையாக.

அந்தக் கை சூடாக இருந்தது.



இழுத்தேன். விடவில்லை.

'டக்... டக்...' தகரத்தில். உள்ளிருந்து.

இழுத்தேன்...

விட்டது.

6.31. என் மணிக்கட்டைச் சுற்றி நான்கு சேற்று விரல்கள்.

ஞாயிறு காலை மாப்பிள்ளையிடம் ஒன்று விடாமல் சொன்னேன். வண்டி கிடையாது என்றேன். அவர் சிரித்தார்.

"வேற ஆளு அதிகமா கேட்டுட்டானா மச்சான்? அதுக்குப் பேய் எதுக்கு?"

"தங்கச்சி மேல சத்தியமா."

"சத்தியத்தையும் வண்டியோட சேர்த்து விப்பீங்களே, உங்க குடும்பத்தைத் தெரியாதா எனக்கு!"

திங்கட்கிழமை வண்டியைப் புரோக்கரிடமே கொண்டுபோய் விட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வியாழன் மாலை 6.05. வாசலில் ஹாரன். அதே கார். மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரிய இறங்கிப் படியேறி என் பக்கத்தில் வந்து நின்றார். நான் சொன்னதையே புரோக்கரிடம் சொல்லிக் காட்டி, விலையை இன்னும் அடித்து வாங்கியிருக்கிறார்.

"உங்க பேய் நல்ல பேய் மச்சான். பாதி விலைய அதுவே பேசி முடிச்சிருச்சு."

வலது பக்கப் பின்கதவு திறந்தது. தங்கை.

"சீக்கிரம் இறங்கு!" என்று கத்தினேன்.

ஒரு காலைக் கீழே வைத்தவள் அப்படியே நின்றாள். வயிறு மறைத்ததால் அவளுக்குத் தன் பாதம் தெரியாது. சிரித்தபடி சொன்னாள்.

"செருப்ப நானே போட்டுக்கறேங்க... காலை விடுங்க."

மாப்பிள்ளை என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அவள் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

ஓடிப்போய்த் தூக்கினோம். கணுக்காலில் நான்கு சேற்று விரல்கள். அன்றே அவளை எங்கள் வீட்டில் தங்க வைத்தோம். எங்கள் படுக்கையறைக்கு அடுத்த அறை.

மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்க நானே போனேன். புரோக்கர் அன்றுதான் வாயைத் திறந்தார்.

"உங்களோட நாலு பேர் திருப்பிக் கொடுத்தாச்சு சார். நாலு பேருக்கும் கைதான். உங்க மாப்பிள்ளைக்குமா?"

"அவருக்கு இல்ல. என் தங்கச்சிக்கு. கால்."

அவர் மெதுவாக எழுந்தார். வலது பின் சக்கரத்தருகே குந்தினார். ஃபிளாப்புக்குப் பின்னால் கையை விட்டார். ரொம்ப நேரம் துழாவினார். வெளியே எடுத்த விரல்களில் வெறும் தூசி.

அவர் முகம் தெளிந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

"தங்கச்சி கூடவே இறங்கிடுச்சு சார்," என்றார். "இப்ப இது வெறும் வண்டி. நல்ல விலைக்குப் போகும்."