வெள்ளை மாத்திரையும் என் தம்பி கல்யாணமும்

நான்கு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவொற்றியூர் மார்க்கெட்டில் ஒரு அம்மாவுக்கு வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். பாதி வெட்டியிருப்பேன், அந்த அம்மாவின் பார்வை மீனிலிருந்து என் கைக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு கடை தள்ளிப் போய் வாங்கினார். வெட்டிய மீன் பலகை மேல் அப்படியே கிடந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. என் கை அப்படி இருந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. புறங்கை சிவந்து தடித்து, சொறிந்த இடத்தில் நீர் கசியும். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் அதே கதைதான். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கரப்பான் உண்டு. டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள். முன்பெல்லாம் வரும், போகும். மீன் விற்க வந்த பிறகு ஐஸ் தண்ணீரிலும் உப்பிலும் இறால் ஓட்டிலும் தினமும் கை ஊறியதில் அது போகவே இல்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் பத்தியம் சொன்னார்கள். மீன் தொடாதே, கருவாடு தொடாதே என்றார்கள். மீனவக் குடும்பத்தில் பிறந்து மீனவரையே கட்டிக்கொண்டவளிடம் இதைச் சொன்னால் நான் வேறு எதைத்தான் சாப்பிடுவது?

அன்று மட்டும் மூன்று பேர் என் கையைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மறுநாள் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். நல்ல டாக்டர்தான். ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார், பத்து நாளைக்கு. முதலில் கொஞ்சம் அதிகம், பிறகு குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட வேண்டும். கூடவே களிம்பும் கையுறையும். பத்து நாள் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்.

சின்ன வெள்ளை மாத்திரை. மூன்றாம் நாளே அரிப்பு அடங்கியது. ஒரு வாரத்தில் கை வழுவழுவென்று ஆகிவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு சொறியாமல், எழுந்து உட்காராமல், விடியும் வரை தூங்கினேன். அந்தத் தூக்கத்தின் அருமை கரப்பான் உள்ளவர்களுக்குத்தான் புரியும்.

பத்து நாள் முடிந்தது. சரியாகிவிட்டதே என்று டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. இரண்டு வாரத்தில் அரிப்பு மீண்டும் தலை காட்டியது. காலி அட்டையை எடுத்துப் போய் மெடிக்கல் ஷாப்பில் காட்டினேன். கொடுத்தார்கள். அடுத்த முறையும் கொடுத்தார்கள். பிறகு தினமும் ஒன்று, அரிப்பு அதிகமான நாளில் இரண்டு என்று நானே எனக்கு டாக்டர் ஆகிவிட்டேன். டாக்டர் சீட்டு கேட்காமல் கொடுத்தது அவர்கள் தப்பு என்றால், கேட்டு வாங்கியது என் தப்பு.

ஐப்பசி வாக்கில் என் முகம் உருண்டையாகத் தொடங்கியது. மார்க்கெட்டில் இருந்தவர்களுக்கு அது சந்தோஷம். "இன்னாடி, நல்லா பூசினாப்ல கீற" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பசி அடங்கவில்லை. சாப்பிட்டு எழுந்த கையோடு மறுபடி தட்டைத் தேடுவேன். ஆரம்பத்தில் தூக்கத்தைக் கொடுத்த அதே மாத்திரை இப்போது அதைப் பிடுங்கிக்கொண்டது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் கணவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் விசைப்படகில் வேலை செய்பவர். பத்து நாள் கடலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதரிடம் சண்டை போட எனக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பொங்கல் முடிந்த வாரம், ஞாயிறுதோறும் என்னிடம் சங்கரா மீன் வாங்கும் ஒரு நர்ஸ் அக்கா, கூட்டம் குறையும் வரை காத்திருந்து என் பக்கத்தில் வந்தார். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். எத்தனை மாதமாக என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு, நீயாக நிறுத்திவிடாதே என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

பயத்தில் நான் முதல் பாதியை மறந்துவிட்டேன், இரண்டாம் பாதியைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இருந்த அட்டைகளை எல்லாம் குப்பையில் போட்டேன். கெட்டதை விட்டொழித்துவிட்ட திருப்தி வேறு.

மூன்றாம் நாளிலிருந்து உடம்பில் சத்தே இல்லை. ஐஸ் பெட்டியை நகர்த்த முடியவில்லை. சாப்பிட்டால் வாந்தி. எழுந்தால் தலை சுற்றியது. ஏதோ காய்ச்சல் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு கடையில் உட்கார்ந்திருந்தபோது எதிரில் இருந்தவர்களின் பேச்சு தூரத்தில் கேட்பது போல் ஆனது. கத்தியைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது. அப்புறம் ஒன்றும் தெரியாது.

அன்று மீன் வாங்க வந்த நர்ஸ் அக்காதான் ஆட்டோ பிடித்து என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார். என்ன மாத்திரை, எத்தனை மாதம், எப்போது நிறுத்தினேன் என்று வாசலிலேயே டாக்டர்களிடம் சொன்னதும் அவர்தான். ஊசியும் சலைனும் ஏறி நான் கண் திறந்தபோது, என் ரத்தமும் மீன் செதிலும் ஒட்டிய புடவையோடு அவர் கட்டில் ஓரம் நின்றுகொண்டிருந்தார். விழும்போது என் உள்ளங்கையில் கத்தி பட்டிருக்கிறது. என் சொந்தபந்தம் தொடத் தயங்கிய கையை அவர் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்.

தோல் பிரிவில் இருந்தது ஒரு இளம் டாக்டரம்மா. அவர் என்னைத் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். இந்த மாத்திரை விஷம் இல்லை, கரப்பான் கட்டுக்கு மீறும்போது கொஞ்ச நாள் கொடுப்பது உண்டு. ஆனால் இதே சத்து நம் உடம்பிலேயே சுரக்கிறது. மாதக்கணக்கில் வெளியிலிருந்து கொடுத்தால் உடம்பு தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையும் நின்றுபோனால் இரண்டும் இல்லாமல் ஆள் விழுந்துவிடும். எனவே மாத்திரையை மறுபடி தொடங்கி, அணு அணுவாகக் குறைத்து, உடம்பைத் திரும்ப வேலைக்குப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஆகலாம் என்றார். சர்க்கரையும் ஏறியிருந்தது.

சில நாள் கழித்து நான் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "குறைக்கக் குறைக்கக் கரப்பான் கோபமா திரும்பி வரும். அப்ப கடைக்கு ஓடாதீங்க. என்கிட்ட வாங்க."

எந்த வாரம் எவ்வளவு என்று அவர் எழுதிக் கொடுத்த தாளைக் கணவர் பீரோ கதவில் ஒட்டினார். அரை மாத்திரை, கால் மாத்திரை வேண்டிய நாட்களுக்குத் தரையில் தாள் விரித்து, பிளேடால் அவரே வெட்டி, சின்ன டப்பாக்களில் போட்டு வைத்துவிட்டுக் கடலுக்குப் போவார். படகு கரையை நெருங்கி போனில் சிக்னல் கிடைத்ததும் வரும் முதல் கேள்வி, "இன்னாம்மே, மாத்திர போட்டியா?" என்பதுதான். போட்டேன் என்பேன். தினமும் மாத்திரை போட்டதும் அந்தத் தாளில் அன்றைய கட்டத்தில் நானே ஒரு டிக் போட்டுவிடுவேன்.

டாக்டரம்மா சொன்னது போலவே ஆனது. சித்திரை வெயில் தொடங்கியதும் கரப்பான் பாய்ந்து வந்தது. பழைய இடங்களோடு நிற்காமல் தோள், முதுகு என்று பரவியது. கழுத்தில் வியர்வை பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். அந்த நேரத்தில்தான் என் தம்பிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில்தான் எங்கள் ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்பதால் வைகாசியில் முகூர்த்தம் வைத்தார்கள். எங்களுக்கு அம்மா இல்லை. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டையும் போட வேண்டிய நாத்தனார் நான்தான்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. என் கையைப் பார்த்த சித்தி, "நாலு நாளிக்கு அந்த மாத்திரய ஜாஸ்தியா போட்டுக்கினு வா. கல்யாணம் முடிஞ்சா வுட்டுரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். கெட்ட எண்ணம் இல்லை, மேடையில் என்னை யாரும் ஒரு மாதிரி பார்த்துவிடக் கூடாதே என்ற பாசம்.

பொய் சொல்ல மாட்டேன், நான் கடைக்குப் போனேன். அதே மாத்திரையின் பேரைச் சொல்லி ஒரு அட்டை வாங்கியும் விட்டேன். வீட்டுக்கு வந்து தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்தேன். மூன்றே நாள், கை பளிச்சென்று ஆகிவிடும். எதிரில் பீரோவில் அந்தத் தாள். மாசியிலிருந்து வரிசையாக டிக். ஒரு நாள் கூட விட்டுப்போகவில்லை. கணவர் தடைக்காலம் என்பதால் வீட்டில்தான் இருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். பிடுங்கவில்லை, திட்டவுமில்லை. "ஒன் ஒடம்பு. நீயே முடிவு பண்ணு. நீ இன்னா பண்ணாலும் நான் கூட கீறேன்" என்றார்.

அவர் தடுத்திருந்தால் ஒருவேளை வீம்புக்காவது போட்டிருப்பேன். முடிவு என்னுடையது என்று ஆனதும் எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்து, முகம் கழுவி, அந்த அட்டையைக் கொண்டு போய்க் கடையில் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலை ரயிலைப் பிடித்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டவில்லை. களிம்பை மாற்றினார். களிம்பு பூசி, அதன் மேல் ஈரத்துணி சுற்றி, அதற்கு மேல் உலர்ந்த துணி கட்டும் முறையைக் காட்டிக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் கணவர் என் இரண்டு கைக்கும் சுற்றிவிடுவார். மணப்பெண்ணுக்கு அங்கே நலங்கு நடந்தது, எனக்கு இங்கே ஈரத்துணி நலங்கு.

கசிவு நின்றது. சிவப்பும் தடிப்பும் போகவில்லை. அப்படியேதான் ராயபுரத்தில் இருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனேன். முழுக்கை ரவிக்கை தைக்கலாம் என்றார்கள். அந்த வெயிலில் அது எரிச்சலைத்தான் கூட்டும் என்பதால் பருத்தியில் குட்டைக் கையே தைத்துக்கொண்டேன்.

மேடையில் கெட்டிமேளத்துக்குச் சற்று முன், பெண் வீட்டில் ஒரு அம்மா என் பின்னால் வந்து, கையில் ஏதோ இருக்கிறதே, வேறு யாராவது சொந்தக்காரப் பெண் முடிச்சுப் போடட்டுமே என்று காதோடு சொன்னார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தான். பழைய நானாக இருந்தால் கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு இறங்கிப் போயிருப்பேன்.

"இது ஒட்டிக்கிற நோவு இல்லீங்க. ஆஸ்பத்திரில பாத்துக்கினு கீறேன். எந்தம்பிக்கு நான்தான் முடிச்சுப் போடுவேன்" என்றேன்.

குனிந்திருந்த மணப்பெண் கையைப் பின்னால் கொண்டு வந்து, தன் ஜடையையும் மாலையையும் ஒதுக்கி, எனக்கு வசதியாகக் கழுத்தைக் காட்டினாள். மேளம் கொட்டியது. தம்பி ஒரு முடிச்சுப் போட்டான். விரல் மடக்க வலித்தது. இரண்டாவது முடிச்சைப் போட்டேன். மூன்றாவதையும் போட்டேன். நிமிர்ந்தபோது கூட்டத்தில் கணவர் முகத்தைத் தேடினேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் முடிந்து போட்டோவுக்கு நின்றபோது மணப்பெண் என் விரல்களோடு தன் விரல்களைக் கோத்துக்கொண்டாள். "வலிக்குதா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் கால் மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று போய், ஆவணியில் காலை நேரத்து ரத்தப் பரிசோதனை செய்தார்கள். டாக்டரம்மா முடிவுத் தாளைப் பார்த்துச் சிரித்தார். உங்கள் உடம்பு தன் வேலையைத் தானே செய்யத் தொடங்கிவிட்டது, இனி இந்த மாத்திரை வேண்டாம் என்றார். இத்தனை மாதம் ஒரு நாளும் தவறாமல் சொன்ன அளவிலேயே போட்டு முடித்தவர்கள் குறைவு என்று பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கூட என்னை யாரும் அப்படி எழுப்பி நிறுத்திப் பாராட்டியதில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. முகமும் மெல்ல மெல்லப் பழைய முகமானது.

கரப்பான் என்னை விட்டு முழுதாகப் போகவில்லை. மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும். இப்போது பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை போட்டுத்தான் மீன் வெட்டுகிறேன். முதலில் மார்க்கெட்டில் சிரித்தார்கள், இப்போது இன்னும் இரண்டு பேர் போட்டுக்கொள்கிறார்கள். அதே வெள்ளை மாத்திரையைச் சீட்டில்லாமல் விழுங்குகிற யாராவது என் கடைக்கு வந்தால், இரண்டு விஷயம் சொல்லி அனுப்புகிறேன்: நீங்களாக வாங்காதீர்கள், வாங்கிவிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நான் பரிசு வாங்கிய மேடை என்று எதுவும் இல்லை. ஆனாலும் வலிக்கிற கையோடு, கண்ணெதிரே இருந்த சுலபமான வழியை விட்டுவிட்டு, நாள் நாளாக நடந்து முடித்த அந்த மாதங்களை நினைக்கும்போதெல்லாம் என் மேல் எனக்கே ஒரு மரியாதை வருகிறது.